புது ரவுட்டர் முதல்முறை போடுகிறேன்: மோடத்துக்கும் ரவுட்டருக்கும் ஒரே 192.168.1.1, நெட் வரவில்லை

கடைத்தெரு
எல்லாருக்கும் வணக்கம். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, மாடியில் வீடு. ஃபைபர் இணைப்பு மாடிக்குத்தான் வருகிறது. இதுவரை மோடத்திலிருந்து ஒரு லேன் ஒயரைக் கீழே இறக்கி, சுவிட்ச் பெட்டியில் சொருகி ஓட்டிக்கொண்டிருந்தேன். கடையில் வைஃபை சரியாகப் பிடிப்பதில்லை என்று இப்போது புது ரவுட்டர் வாங்கியிருக்கிறேன். மேலிருந்து வரும் ஒயரை அதன் வான் போர்ட்டில் போட்டேன். விளக்கெல்லாம் எரிகிறது, வைஃபையும் பிடிக்கிறது, ஆனால் "இன்டர்நெட் இல்லை" என்கிறது.

இன்னொரு குழப்பம். ரவுட்டருக்கு அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் 192.168.1.1 என்று போட்டிருக்கிறது. மாடியில் மோடத்தின் அடியிலும் அதே எண்தான். கடையில் அடித்தால் ரவுட்டர் பேஜ் வருகிறது, மாடியில் அடித்தால் மோடம் பேஜ் வருகிறது. இதுதான் சிக்கலா?

கடையில் இருப்பவை: இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரின்டர், கேமராவுக்கான டிவிஆர். பிரின்டருக்கு 192.168.1.50 என்று மெக்கானிக் போட்டுக் கொடுத்தார்.

லேன்ஒயர்
அதேதான் சிக்கல். ரவுட்டருக்கு இரண்டு பக்கம் உண்டு. வான் போர்ட் வெளிப்பக்கம், லேன் போர்ட்டுகளும் வைஃபையும் உள்பக்கம். இரண்டு பக்கமும் வேறு வேறு எண் வரிசையில் இருந்தால்தான் எந்தத் தரவுப் பொட்டலத்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்று அதற்குத் தெரியும். உங்கள் ரவுட்டருக்கு உள்ளேயும் 192.168.1, வெளியே மோடம் கொடுப்பதும் 192.168.1. கம்ப்யூட்டர் "192.168.1.1 வழியாக வெளியே போ" என்றால் ரவுட்டர் தன்னையே பார்த்துக்கொள்கிறது. சில ரவுட்டர்கள் இந்த மோதலைத் தாமே கண்டுபிடித்து உள்பக்க எண்ணை மாற்றிக்கொள்ளும். உங்களுடையது மாற்றவில்லை போலிருக்கிறது.

நாம்தான் மாற்ற வேண்டும். மாடியிலிருந்து வரும் ஒயரை வான் போர்ட்டிலிருந்து உருவிவிடுங்கள், முதல் வேலை இதுதான். லேப்டாப்பிலிருந்து ஒரு ஒயரை ரவுட்டரின் லேன் போர்ட்டில் போடுங்கள். வைஃபை வழியாகச் செய்தால் நடுவில் அறுந்துபோய் வீட்டு வைஃபைக்குத் தாவிவிடும். நீங்கள் ரவுட்டர் என்று நினைத்து மோடத்தை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். ஒயர் போட்டதும் லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

பிரவுசரில் 192.168.1.1. முதலில் பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும், வைத்துவிடுங்கள். அப்புறம் நெட்வொர்க் என்ற பகுதிக்குள் லேன் என்று இருக்கும். அங்கே ஐபி முகவரியை 192.168.20.1 என்று மாற்றுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0, அதைத் தொட வேண்டாம். சேமித்துவிடுங்கள்.

20 என்பதில் விசேஷம் ஒன்றுமில்லை. கம்பெனிகள் வழக்கமாக வைக்கும் எண்ணாக இல்லாமல் இருந்தால் போதும். டிபி-லிங்க், டி-லிங்க் பெரும்பாலும் 192.168.0.1. நெட்கியர் 192.168.1.1. ஷாவ்மி 192.168.31.1, மைக்ரோடிக் 192.168.88.1, ஹுவாவே ஃபைபர் மோடம் 192.168.100.1, ஜியோஃபைபர் 192.168.29.1. நாளைக்கு மோடம் மாறினாலும் மோதாத ஒன்றாகப் பாருங்கள்.

கடைத்தெரு
அண்ணே, சேமித்ததும் பேஜ் சுற்றிக்கொண்டே இருந்து "தளத்தை அடைய முடியவில்லை" என்று வந்துவிட்டது! ரீசெட் பண்ணவா?

லேன்ஒயர்
வேண்டாம், வேண்டாம். குண்டூசியைக் கீழே வையுங்கள். ரவுட்டர் வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டது, நீங்கள் பழைய விலாசத்தில் தட்டுகிறீர்கள், அவ்வளவுதான். உங்கள் லேப்டாப்பும் பழைய 192.168.1 வரிசையில் ஒரு எண்ணை வைத்துக்கொண்டிருக்கும். ஒயரை உருவி, பத்து வரை எண்ணி, திரும்பச் சொருகுங்கள். புது எண் வந்துவிடும். பிறகு 192.168.20.1 என்று அடியுங்கள்.

வரவில்லை என்றால் லேப்டாப்புக்கு என்ன எண் கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். 192.168.20 என்று தொடங்கினால் சரி. 169.254 என்று தொடங்கினால் யாரும் எண் கொடுக்காததால் லேப்டாப் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டுப் பாருங்கள்.

கடைத்தெரு
வந்துவிட்டது. நன்றி அண்ணே.

இரவுப்பணி
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இவருக்கு வேண்டியது கடையில் வைஃபை, அவ்வளவுதானே. அதற்கு எதற்குத் தனி நெட்வொர்க்? ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக (தனி நெட்வொர்க் போடாமல் வைஃபை மட்டும் கொடுக்கும் பெட்டியாக) மாற்றினால் பிரின்டர், டிவிஆர் எதையும் தொடவே வேண்டாம். எல்லாம் பழைய 192.168.1 வரிசையிலேயே இருக்கும்.

செட்டிங்ஸில் ஆக்சஸ் பாயின்ட் மோடு இருந்தால் ஒரே கிளிக். இல்லாவிட்டால் ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.1.2 என்று வையுங்கள் (மோடம் மற்றவர்களுக்குக் கொடுக்கும் வரிசைக்குள் அந்த 2 வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்), டிஹெச்சிபியை (சாதனங்களுக்குத் தானாக எண் வழங்கும் வசதி) அணையுங்கள், மேலிருந்து வரும் ஒயரை வான் போர்ட்டில் போடாமல் லேன் போர்ட்டில் போடுங்கள். டிஹெச்சிபியை அணைக்காமல் லேனில் சொருகிவிட்டால்தான் ஆபத்து. ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பேர் எண் வழங்க ஆரம்பிப்பார்கள். காலையில் வேலை செய்த கம்ப்யூட்டர் மதியம் வேலை செய்யாது, மாடியில் டிவி நிற்கும், ஆளாளுக்கு நெட்காரரைத் திட்டுவார்கள்.

நேட் (உள்ளே உள்ள எல்லாச் சாதனங்களையும் ஒரே வெளி எண்ணில் வெளியே அனுப்பும் ஏற்பாடு) ஒன்றுக்குப் பின்னால் இன்னொரு நேட் போடுவது தேவையில்லாத சுமை என்பது என் கட்சி.

லேன்ஒயர்
நீங்கள் சொல்வது வீட்டுக்குச் சரி. இவருக்கு இது கடை. அந்த மோடம் இவருடையது இல்லை, கம்பெனியுடையது. பழுதானால் வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போவார்கள். புது மோடம் வேறு வரிசையில் எண் கொடுத்தால் பிரின்டர் ஒரு பக்கம், டிவிஆர் ஒரு பக்கம் என்று அன்றைய வியாபாரம் போச்சு. ஹால் டிக்கெட் எடுக்க வரிசையில் நிற்கிற பிள்ளைகளிடம் என்ன சொல்வது? கடைக்குத் தன் ரவுட்டர், தன் எண் வரிசை இருந்தால், மோடம் மாறினாலும் இணைப்பே வேறு கம்பெனிக்கு மாறினாலும் கடைக்குள் ஒரு எண்ணும் அசையாது. மாற்ற வேண்டியது வான் பக்கம் மட்டும்.

இரண்டு நேட் இருந்தால் கஷ்டப்படுவது சில ஆன்லைன் விளையாட்டுகளும், வெளியிலிருந்து உள்ளே வர வேண்டிய வேலைகளும்தான். ஜெராக்ஸ் கடையில் அது யாருக்கும் தெரியாது.

சந்தேகம்
ஒரு கேள்வி. கடைக்கு வருகிற வாடிக்கையாளர்களுக்கும் வைஃபை கொடுக்கலாமா? தனி நெட்வொர்க் ஆகிவிட்டதால் மாடி வீட்டுக்குப் பாதுகாப்புதானே?

இரவுப்பணி
இல்லை, நேர் எதிர். இதை நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

நேட் தடுப்பது வெளியிலிருந்து உள்ளே வருவதை. கடை ரவுட்டரைப் பொறுத்தவரை "வெளி" என்பது மாடி வீடு. ஆகவே மாடியில் இருப்பவரால் கடைப் பிரின்டரைத் தொட முடியாது. ஆனால் கடையில் இருப்பவர் 192.168.1.1 என்று அடித்தால் அது கடை ரவுட்டரைத் தாண்டி நேராக மோடத்தின் பேஜைத் திறக்கும். வீட்டு டிவி, வீட்டு கம்ப்யூட்டர் எல்லாம் எட்டும் தூரம்தான். கெஸ்ட் வைஃபை போட்டாலும் பல ரவுட்டர்கள் தன் உள்பக்கத்தை மட்டும் மறைக்கும், மேலே இருக்கும் மோடத்தின் பக்கத்தை மறைக்காது. போட்டுவிட்டு, கெஸ்ட்டில் சேர்ந்து 192.168.1.1 அடித்துப் பாருங்கள். மோடம் பேஜ் வந்தால் கதவு திறந்திருக்கிறது.

வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் மோடத்திலேயே கெஸ்ட் வசதி இருக்கிறதா பாருங்கள். அது வீட்டைப் பிரித்துவிடும், கடையோ ரவுட்டரின் நேட்டுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். என்னைக் கேட்டால் கொடுக்கவே வேண்டாம். ஃபைலை அவர்கள் தங்கள் டேட்டாவில் வாட்ஸ்அப் பண்ணட்டும்.

மோடத்தின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள், ஸ்டிக்கரில் இருப்பதை அப்படியே வைக்காதீர்கள்.

கடைத்தெரு
வாடிக்கையாளருக்கு வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டேன். மோடம் ஏற்கனவே ஒருமுறை மாறியது, அந்த வாரம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதனால் தனி நெட்வொர்க்கே போடுகிறேன்.

இப்போது வான் ஒயரைத் திரும்பப் போட்டேன். இன்டர்நெட் பகுதியில் மூன்று வகை கேட்கிறது: டைனமிக் ஐபி, ஸ்டேட்டிக் ஐபி, பிபிபிஓஇ. இணைப்பு கொடுக்கும்போது யூசர்நேம், பாஸ்வேர்ட் எழுதிய ஒரு சீட்டு தந்தார்கள். பிபிபிஓஇ-யில் அதைப் போட்டால் "இணைக்கிறது... இணைக்கிறது..." என்றே நிற்கிறது. பாஸ்வேர்ட் தப்பா?

லேன்ஒயர்
பாஸ்வேர்ட் சரிதான், இடம்தான் தப்பு. அந்தச் சீட்டை வைத்து மோடம் ஏற்கனவே உள்ளே போய்விட்டது. உங்கள் ரவுட்டர் பேசுவது மோடத்திடம்தான், கம்பெனியிடம் இல்லை. மோடத்துக்கு பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்ட் பார்த்து உள்ளே விடும் முறை) கேட்கிற வேலை இல்லாததால் பதில் சொல்ல ஆளில்லாமல் நிற்கிறது. டைனமிக் ஐபி என்று வையுங்கள். சில நொடிகளில் ஸ்டேட்டஸ் பகுதியில் வான் முகவரி என்று 192.168.1.7 போல ஏதாவது ஒன்று வரும். கேட்வே 192.168.1.1. அவ்வளவுதான்.

எது எப்போது என்று ஒரு வார்த்தை, பின்னால் இந்த இழைக்கு வருகிறவர்களுக்காக. முன்னால் இன்னொரு மோடமோ ரவுட்டரோ எண் கொடுத்துக்கொண்டிருந்தால் டைனமிக். மோடத்தை பிரிட்ஜ் மோடில் போட்டுவிட்டால் அது வெறும் ஒயர் மாதிரி ஆகிவிடும். அப்போது சீட்டில் உள்ளதை உங்கள் ரவுட்டரில் பிபிபிஓஇ-யாகப் போட வேண்டும். சில இடங்களில் வீலான் எண் (ஒரே ஒயரில் போக்குவரத்தைப் பிரித்துக் காட்டும் அடையாளம்) ஒன்றும் வேண்டியிருக்கும், அதைக் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். அந்த வகையில் எம்டியு (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1492 என்று தானாகவே இருக்கும், அதை 1500 ஆக்காதீர்கள். சாதாரணப் பொட்டலத்தின் 1500 பைட்டில் 8 பைட்டை பிபிபிஓஇ எடுத்துக்கொள்கிறது. அதைக் கூட்டி வைத்தால் சில தளங்கள் திறக்கும், சில தளங்கள் பாதியில் தொங்கும், காரணமே பிடிபடாது.

ஸ்டேட்டிக் என்பது கம்பெனி உங்களுக்கு நாலு விஷயத்தை எழுத்தில் கொடுத்திருந்தால் மட்டும்: முகவரி, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ். அதில் மாஸ்க் 255.255.255.252 என்று வந்தால் பயப்பட வேண்டாம், அது நாலே முகவரி கொண்ட சின்னத் துண்டு. இரண்டு ஒதுக்கல் போக ஒன்று கம்பெனிக்கு, ஒன்று உங்களுக்கு. அங்கே பழக்கதோஷத்தில் 255.255.255.0 அடித்து வைக்கக் கூடாது.

இரவுப்பணி
போகிற போக்கில் ஒன்று: கேபிள் டிவிக்காரர் வழியாக வரும் இணைப்புகளில், முதலில் சொருகிய சாதனத்தின் மேக் முகவரியை (தயாரிக்கும்போதே பதித்த அடையாள எண்) அவர்கள் பிடித்து வைத்திருப்பார்கள். ரவுட்டரை மாற்றினால் நெட் வராது. ரவுட்டரில் மேக் குளோன் என்று ஒன்று இருக்கும், பழைய சாதனத்தின் மேக்கை அங்கே போடலாம், அல்லது ஆபரேட்டருக்கு போன் போட்டு மாற்றச் சொல்லலாம். கடைத்தெருவுக்கு இது தேவைப்படாது.

கடைத்தெரு
நெட் வந்துவிட்டது!! வான் முகவரி 192.168.1.4 காட்டுகிறது.

ஆனால் பிரின்டர் போச்சு. ஒயரை ரவுட்டரில்தான் போட்டிருக்கிறேன், ஆஃப்லைன் என்கிறது.

லேன்ஒயர்
போகத்தான் செய்யும். பிரின்டருக்குள் 192.168.1.50 என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அது இன்னும் பழைய தெருவிலேயே உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் 192.168.20-ல். ஒரே சுவிட்சில் பக்கத்துப் பக்கத்து ஓட்டையில் ஒயர் இருந்தாலும் இரண்டும் பேசிக்கொள்ளாது.

பிரின்டரில் திரை இருந்தால் மெனுவில் நெட்வொர்க், டிசிபி/ஐபி என்று போய் "மேனுவல்" என்பதை "ஆட்டோ" அல்லது "டிஹெச்சிபி" ஆக்குங்கள். திரை இல்லாத மாடல் என்றால் ஒரு வழி: பிரின்டரையும் லேப்டாப்பையும் ஒரே ஒயரால் நேராக இணையுங்கள். லேப்டாப்புக்குக் கையால் 192.168.1.10, மாஸ்க் 255.255.255.0 கொடுங்கள். கேட்வே காலியாக இருக்கட்டும். பிரவுசரில் 192.168.1.50 அடித்தால் பிரின்டரின் சொந்தப் பேஜ் வரும். அங்கே டிஹெச்சிபி ஆக்கிச் சேமித்துவிட்டு, லேப்டாப்பை மறக்காமல் "தானாக எண் பெறு" என்று திருப்பிவிடுங்கள். இதைத் திருப்ப மறந்தவர்கள்தான் பாதிப் பேர் "லேப்டாப்பில் மட்டும் நெட் வரவில்லை" என்று இங்கே கேள்வி கேட்கிறவர்கள்.

பிறகு ரவுட்டரின் டிஹெச்சிபி பகுதிக்குப் போங்கள். 2 முதல் 254 வரை எல்லாவற்றையும் வழங்கும்படி இருக்கலாம். அதை 192.168.20.100 முதல் 192.168.20.199 வரை என்று குறுக்கிவிடுங்கள். நூறு எண் உங்கள் கடைக்குத் தாராளம். 100-க்குக் கீழே இருப்பதெல்லாம் உங்கள் கையில். கீழே அட்ரஸ் ரிசர்வேஷன் என்று ஒன்று இருக்கும். பிரின்டரின் மேக் முகவரியைத் தேர்ந்தெடுத்து 192.168.20.50 கொடுங்கள். 192.168.20.60-ஐ டிவிஆருக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். சில ரவுட்டர்கள் வரிசைக்கு உள்ளே இருக்கும் எண்ணைத்தான் ரிசர்வ் பண்ண விடும். அடம்பிடித்தால் 150, 160 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழையமோடம்
பிரின்டருக்கு ரிசர்வேஷன் எல்லாம் எதற்குத் தம்பி? பிரின்டரிலேயே 192.168.20.50 என்று நேரடியாக எழுதிவிட்டால் முடிந்தது. ரவுட்டர் செத்தாலும் சுவிட்சில் போட்டு அச்சடிக்கலாம். டிஹெச்சிபியை நம்பி இருந்தால் ரவுட்டர் போன அன்று பிரின்டரும் சேர்ந்து போகும்.

லேன்ஒயர்
ஐயா, கேமரா டிவிஆருக்கு நானும் அப்படித்தான் செய்வேன். பிரின்டரில் எனக்கு ரிசர்வேஷன்தான் பிடிக்கும். எந்தச் சாதனத்துக்கு எந்த எண் என்று ஒரே பேஜில் பார்க்கலாம். மெக்கானிக் வந்து ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போனதால்தானே இன்று இந்த வேலை? நேரடியாக எழுதுவதாக இருந்தாலும் ஒன்றை மட்டும் விடக் கூடாது: அந்த எண் ரவுட்டர் வழங்கும் வரிசைக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே எண்ணை ரவுட்டர் யாராவது போனுக்குக் கொடுத்துவிடும், இரண்டும் மாறி மாறி விழும்.

ரிசர்வேஷனில் ஒரு பொறி உண்டு. புது ஆண்ட்ராய்டு, ஐபோன்கள் வைஃபைக்கு உண்மையான மேக்கைக் காட்டாமல் பொய் மேக் ஒன்றைக் காட்டும். ஐபோனில் இது 2020-ல் ஐஓஎஸ் 14-லிருந்து வந்தது. போனுக்கு ரிசர்வ் பண்ணினால் அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் அந்த வசதியை அணைக்க வேண்டும். பிரின்டர், டிவிஆருக்கு இந்தத் தொல்லை இல்லை.

சந்தேகம்
டிஎன்எஸ் என்ன போட வேண்டும்? 8.8.8.8 போட்டால் ஸ்பீடு கூடும் என்கிறார்களே?

இரவுப்பணி
டவுன்லோடு ஸ்பீடு கூடாது. பெயரை எண்ணாக மாற்றிச் சொல்லும் வேலை அது. பதில் சீக்கிரம் வந்தால் பேஜ் திறக்கத் தொடங்குவது கொஞ்சம் சீக்கிரம் இருக்கும். கம்பெனி டிஎன்எஸ் ஒழுங்காக வேலை செய்தால் விட்டுவிடுங்கள். அடிக்கடி தொங்கினால் 8.8.8.8, இரண்டாவதாக 1.1.1.1. முதலாவது கூகுளுடையது, மற்றது கிளவுட்ஃபிளேர்.

கடைத்தெரு
டிவிஆருக்கு நேரடியாக எழுதிவிட்டேன், 192.168.20.60. கேட்வேயும் 192.168.20.1 ஆக்கினேன். போன் ஆப்பில் வெளியிலிருந்தும் கேமரா தெரிகிறது. ஆனால் எங்கள் கேமராக்காரர் "போர்ட் ஃபார்வர்டு பண்ணித்தான் பார்க்க வேண்டும், ஸ்டேட்டிக் ஐபி வாங்குங்கள்" என்கிறார். வேண்டுமா?

இரவுப்பணி
ஆப்பில் தெரிகிறது என்றால் வேண்டாம். டிவிஆர் தானே வெளியே போய் டிவிஆர் கம்பெனியின் சர்வரோடு இணைந்து நிற்கிறது, உங்கள் போனும் அங்கே போய்ச் சந்திக்கிறது. போர்ட் ஃபார்வர்டு என்பது வெளியிலிருந்து டிவிஆருக்கு நேராக ஒரு வழி திறப்பது. அப்படித் திறந்து வைத்தால் பூட்டில்லாத கதவைத் தேடுகிறவர்களுக்குத்தான் வசதி.

தவிர அது நடக்காமலும் போகலாம். மோடத்தின் ஸ்டேட்டஸ் பேஜில் அதன் வான் முகவரியைப் பாருங்கள். 100.64-லிருந்து 100.127 வரைக்குள் இருந்தால் அது பொது முகவரி இல்லை. கம்பெனிக்குள்ளேயே இன்னொரு பெரிய நேட் இருக்கிறது. உலகத்தின் பழைய வகை ஐபி எண்களின் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அடுத்த வருஷம் இந்த 100.64 வரிசையை இதற்கென்றே ஒதுக்கினார்கள். அதற்குப் பின்னால் இருந்தால் நீங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து ஒன்றும் வந்து சேராது. 10 என்று தொடங்கினாலும் இதே கதைதான்.

பழையமோடம்
எண் பற்றிப் பேசுவதால் சொல்கிறேன். உள்ளே வைத்துக்கொள்ள அனுமதி உள்ளவை மூன்றே வரிசை: 10-ல் தொடங்குவது முழுக்க, 172.16 முதல் 172.31 வரை, 192.168. இது 1996-லிருந்து இருக்கிற விதி. நான் போன ஓர் அலுவலகத்தில் யாரோ "வித்தியாசமாக இருக்கட்டும்" என்று 192.169.1.1 போட்டு வைத்திருந்தார்கள். அது வெளியுலகில் வேறு யாருக்கோ சொந்தமான வரிசை. அங்கே இருக்கும் தளம் எதுவும் இவர்களுக்கு ஆயுசுக்கும் திறக்காது.

கடைத்தெரு
கடைசி சந்தேகம். பிரின்டருக்கு 192.168.20.50 கிடைத்துவிட்டது, பிரவுசரில் அதன் பேஜ் திறக்கிறது. ஒரு கம்ப்யூட்டரில் பிரின்டரை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்தேன், அச்சு வருகிறது. இன்னொரு கம்ப்யூட்டரில் இன்னும் ஆஃப்லைன்.

லேன்ஒயர்
அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் 192.168.1.50-க்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. விண்டோஸில் பிரின்டர் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ் என்ற பட்டைக்குப் போங்கள். டிக் அடித்திருக்கும் வரியில் பழைய எண் இருக்கும். "ஆட் போர்ட்" கொடுத்து, ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட், 192.168.20.50. டிரைவரைத் திரும்பப் போட வேண்டியதில்லை. க்யூவில் தேங்கி நிற்கும் பழைய அச்சுகளை முதலில் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சேமித்த நொடியில் நேற்றைய ஆதார் நகலெல்லாம் வரிசையாக வந்து விழும்.

கடைத்தெரு
வேலை செய்கிறது அண்ணே. அந்த எச்சரிக்கையைப் பார்ப்பதற்குள் பன்னிரண்டு பக்கம் வந்துவிட்டது, பரவாயில்லை.

எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும். கரண்ட் வந்ததும் ரவுட்டர் முதலில் எழுந்து மோடம் பிறகு எழுந்தால் இந்த எண்ணெல்லாம் கலைந்துவிடுமா?

லேன்ஒயர்
கலையாது. செட்டிங்ஸும் ரிசர்வேஷனும் ரவுட்டருக்குள் பதிந்திருக்கும். மோடம் எழும் வரை வான் பக்கம் காலியாக இருக்கும். ரவுட்டர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்து, மோடம் தயாரானதும் எண்ணை வாங்கிக்கொள்ளும். அதுவரை நெட் இல்லாவிட்டாலும் கடைக்குள் அச்சு ஓடும். செட்டிங்ஸை பேக்கப் எடுக்கும் வசதி ரவுட்டர் பேஜிலேயே இருக்கும், அந்த ஃபைலை ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். ரவுட்டருக்கும் மோடத்துக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கினால் இன்னும் நல்லது. வாங்கும்போது அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.